அழுத்தக்காரி செல்லம்மா

எங்கள் தோட்டத்தில் செல்லம்மாவுக்கு அழுத்தக்காரி என்று பெயர். யார் வீட்டு வாசலிலும் நின்று பேசமாட்டாள். பேச்சு புருஷன் முனியாண்டியைப் பற்றித் திரும்பிவிடுமோ என்று அவள் பயந்தது எங்கள் மரமண்டைக்கு எட்டவில்லை. அவன் எப்போதாவது ஒரு வாய் ஊற்றிக்கொள்வான் என்றுதான் நினைத்திருந்தோம்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி மண்டோர் அவன் பேரைக் கூப்பிட்டால், "அவருக்கு இடுப்புப் பிடிப்பு, நானே பாத்துக்கிறேன்" என்பாள். செம்பனைக் காட்டில் அவன் பங்கு உதிரிப்பழத்தையும் சேர்த்துப் பொறுக்குவாள். வீட்டுக்கு வந்தால் சம்சு சாராய வாடையோடு கிடப்பவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வாந்தியைத் துடைக்க வேண்டும். நீலாயிலிருந்து மகள் விஜிதா போன் செய்தால், "அப்பா தூங்குறாரும்மா" என்பாள். ஒரு தடவையாவது யாரிடமாவது வாய்விட்டு அழ ஆசை. தனியாக அழக்கூட வழியில்லை, பலகைச் சுவர், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு முனியாண்டி தானாகப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டான். தீ மிதிக்கும்வரை குடிக்கக் கூடாது. அவனும் சொட்டுத் தொடாமல் கோயிலிலேயே கிடந்தான். ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று செல்லம்மா நம்பினாள்.

மூன்றாம் நாள் காலைப் பூசையில் அவன் உடம்பு வெடவெடவென்று ஆடியது. "பாம்பு! பாம்பு!" என்று அலறினான். எங்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஆத்தா இறங்கிவிட்டாள் என்று உறுமி முழங்கியது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கோயில் தலைவர் அமிர்தலிங்கம் அவன் காலில் விழுந்து, "எம் மவனுக்கு எப்ப தாயே கல்யாணம் ஆவும்?" என்று குறி கேட்டார்.

முன்பொரு முறை சம்சு கிடைக்காதபோதும் அவன் இப்படித்தான் ஆடி, வலிப்பு வந்து விழுந்தான். மறுபடி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று சிரம்பானில் ஒரு டாக்டர் செல்லம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"உறுமிய நிறுத்துங்க!" என்று கத்தினாள். "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல லா! தெனம் குடிக்கிற மனுசன், திடீர்னு விட்டதால வர்ற நடுக்கம் இது. செத்துருவாரு, ஆஸ்பத்திரிக்குக் காடி எடுங்க!"

அமிர்தலிங்கம் எழுந்து வேட்டியைத் தட்டினார். "காப்புக் கட்டுன ஆளப் பாத்து என்ன பேச்சு பேசுற? பொம்பளையா நீ?" என்றார். ஆனாலும் காடியை அவர்தான் ஓட்டினார்.

முனியாண்டி பிழைத்தான். தெளிந்த அன்று செல்லம்மா கஞ்சியை ஆற்றி நீட்டினாள். "அத்தன பேரு முன்னால எம் மானத்த வாங்கிட்டியே" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலம் அந்தக் குடி விஷயம் தெரிந்த ஆள் என்று அவளுக்கு அவன் ஒருவனாவது இருந்தான். இப்போது தோட்டம் முழுக்கத் தெரியும். பேசத்தான் ஒருவரும் இல்லை.