தகரக் கூரையில் காய்ந்த பீடிகள்

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி. முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில், தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சரிசெய்ய மாடிக்கு ஏறினேன். முதலில் கண்ணில் பட்டவை, கீழே குளியலறையின் தகரக் கூரைமேல் வெயிலில் வரிசையாகக் கிடந்த பீடிகள்.

அக்கா பீடி சுற்றுகிறவள். அத்தான் இறந்த பிறகு, மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டே மகனைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்திருந்தாள். ஆனால் சுற்றிய பீடியை வீட்டில் காயவைக்கும் வழக்கம் இல்லை. ஈரம் போகச் சூடுகாட்டுவதெல்லாம் கம்பெனியின் வேலை. வீட்டில் ஒருவர் பீடியைக் காயவைக்கிறார் என்றால், அது பற்றவைப்பதற்குத்தான்.

அக்கா மகன் சிகரெட் பிடிப்பது முந்தைய ஆண்டே தெரியவந்தது. டீக்கடையில் ஒன்றொன்றாக வாங்குவான். அக்கா அழுதும் அடித்தும் பார்த்தாள். பிறகு சிகரெட் விலை ஏறியது. அவனும் கூட்டாளிகள் இருவரும் கடைப்பக்கம் போவதை நிறுத்தினார்கள்.

"என்ன மருமவனே, வெல ஏறுனதும் புத்தி வந்துட்டோ?" என்று கேலி செய்தேன்.

"போங்க மாமா, அந்தக் காசுக்குப் புரோட்டா திங்கலாம்லா" என்றான்.

அக்கா, விலையேற்றச் செய்தி ஓடிய டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னும் ஏத்தட்டும், தம்பி. நல்லா ஏத்தட்டும்."

அந்தக் கூட்டாளிகள் உண்மையாகவே விட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டில் பீடி சுற்றுபவர்கள் இல்லை.

நான் இறங்கி வந்து அவனைக் கூப்பிட்டேன். சத்தம் கேட்டு அக்காவும் கொல்லைப்புறம் வந்தாள்.

"ஏலே, மேல காயுதே, அது யாருக்குலே?"

அவன் தரையைப் பார்த்தான். "சிகரெட்ட விட்டுட்டேன் மாமா. பொய் சொல்லல."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமானது. "எய்யா, நான் சுத்துனதையா எடுத்த?"

"நல்ல பீடியத் தொடலம்மா" என்றான் அவசரமாக. "கம்பெனியில கழிச்சுக் குடுத்ததத்தான் எடுத்தேன். ஒனக்கு நட்டம் வராதுல்லா."

தேறாத பீடிகளைப் பிரித்துத் தூளை மறுபடி உபயோகிக்கலாம் என்று அவள் ஒரு டப்பாவில் போட்டுவைப்பாள். அந்த டப்பாவிலிருந்து எடுத்ததைத்தான் சொன்னான்.

அவள் கை ஓங்கவில்லை. "கழிச்ச பீடின்னா நெஞ்சுக்குள்ள போவாதாலே?" என்று மட்டும் கேட்டாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். விரல்களில் தூள் ஒட்டியிருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விலை ஏறினால் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. இருவர் விட்டதைப் பார்த்தேனே. ஆனால் விலையே இல்லாமல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை, விலை ஏறியபோது நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பீடியையும் விட்டுவிட்டதாக அவன் சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அக்கா இப்போது வீட்டில் பீடி சுற்றுவதில்லை. அடுத்த தெருவில் ஒரு சிநேகிதி வீட்டில் சுற்றுகிறாள். அங்கேயே குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் திரும்புகிறாள். மகன் சட்டையில் புகையிலை வாடை அடித்தால், அது அவனுடையதா தன்னுடையதா என்று தெரிய வேண்டுமாம்.