வெள்ளச்சி பிறந்த வீடு

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அவர் ஒரு வெள்ளை நாய்க்குட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிய காட்சிதான். குட்டி சட்டென்று திரும்பியது, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். "கேக்குது டாக்டர், நல்லாவே கேக்குது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பருத்திக் கமிஷன் கடை இருந்தது. பருத்திப் பொதி அடுக்கிய கிட்டங்கிக்குக் காவலுக்கென்று அண்ணன், மாற்றலாகிப் போன ஒரு மதுரை அதிகாரியிடமிருந்து ஜோடி அல்சேஷன் நாய்களை வாங்கி வந்திருந்தார். இரண்டுக்கும் கருத்த முதுகு, செம்பழுப்புக் கால்கள். பெட்டை நாய் ராணி முதல் ஈற்றில் போட்ட குட்டிகளில் ஒன்று மட்டும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. குட்டிக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் டவுனில் பெரிய மனிதர்கள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"ராணி எங்கயோ ஊர் நாயோட போயிட்டு வந்திருக்கு. வெளிய தெரிஞ்சா மத்த குட்டியையும் கலப்புன்னுருவாங்க. வெள்ளைன்னா காதும் கேக்காது, நோஞ்சானா வேற இருக்கும். கொண்டுபோய் எங்கயாவது போட்டுருங்க."

"ராணி எப்பக் கட்டவுத்துப் போச்சு? நான்தான சோறு வைக்கேன்" என்று மதினி கேட்டார். குட்டி அடுப்படி மூலையில் கோணிச் சாக்கின் மேல் வளர்ந்தது. வெள்ளச்சி என்று கூப்பிட்டார் மதினி.

மற்றக் குட்டிகளைப் பார்க்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்த அன்றுதான் தாம்பாளம் தட்டியது. டாக்டர் குட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மூக்கைப் பாருங்க, நல்ல கருப்பு. கண்ணும் கருப்பு. முடி மட்டுந்தான் வெள்ளை, நோய் ஒண்ணும் இல்ல. ராணி மேல தப்பும் இல்ல. இந்த வெள்ளை ரெண்டு நாய்க்குள்ளயும் வெளிய தெரியாம இருந்திருக்கு. தாய் தகப்பன் ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் குட்டி வெள்ளையாகும்."

"அப்ப, தாயை மட்டும் சொல்லக்கூடாது" என்றார் மதினி.

அவருக்குக் கல்யாணமாகிச் சில வருடமாகியும் குழந்தையில்லாமல் இருந்தது. அந்த வீட்டில் அது மதினியின் குறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும்தான். அன்று சாப்பாடு பரிமாறிக்கொண்டே அண்ணனிடம் கேட்டார். "எங்கிட்ட ஒரு கோளாறும் இல்லன்னு மதுரை டாக்டரம்மா போன வருசமே சொல்லிட்டாக. உங்களையும் ஒருக்கா வரச் சொன்னாக. போவமா?" அம்மா உலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மறுவாரமே அம்மா அவருக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினாள். மதினி வெள்ளச்சியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு தன் பிறந்த ஊரான திருச்சுழிக்கு பஸ் ஏறினார். "போயிட்டு வாரேன்" என்றுதான் என்னிடம் சொன்னார்.

பிறகு நான் பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டேன். தீபாவளிக்குப் பிறந்த வீடு வந்தால் அம்மா இருப்பாள், பலகாரம் இருக்கும். ஆனால் பஸ் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொள்ள மதினி இருக்கமாட்டார். அதனால் யாருக்கும் சொல்லாமல் திருச்சுழிக்கும் போய்வருவேன். மதினியின் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் புஞ்சையும் ஆடுகளும் இருந்தன. கரிசலில் தூரத்தில் வெள்ளையாக ஒன்று ஆடுகளை மடக்கிக்கொண்டு ஓடுவது பஸ்ஸிலிருந்தே தெரியும். வெள்ளச்சியைச் சொந்தத்துக்குள் இணை சேர்த்தால் இடுப்புக் கோளாறு கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விருதுநகரில் ஒரு ரயில்வே அதிகாரி வீட்டு நாயைத் தேடிப் பிடித்தார் மதினி. பிறந்தவை அத்தனையும் கருப்புக் குட்டிகள். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுகூட வெள்ளை இல்ல பாத்தியா. ஆனா எல்லாத்துக்குள்ளயும் இருக்காம்" என்றார்.

"வீட்டுக்கு வாங்க மதினி."

"கூப்பிட வேண்டியவுக கூப்பிடட்டும்."

அண்ணன் கூப்பிடவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பார்த்த பெண்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார். அம்மா அந்த வருத்தத்தோடே போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்த மதினி அன்றைக்கே திரும்பிவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் வெள்ளச்சிக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. வம்சத்திலேயே உள்ளதுதான், வயதாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்களாம். அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தபோது அதை நான் அண்ணனிடம் சும்மாதான் சொன்னேன். மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரியா?"

நாங்கள் போனபோது மதினி ஒரு துண்டை வெள்ளச்சியின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும், "வாங்க" என்றார், அவ்வளவுதான். அண்ணன் வெயிலில் நின்றபடியே பேசினார்.

"நீ போன பிறகு நான் தனியா மதுரைக்குப் போயிப் பாத்தேன். எங்கிட்டத்தான் கோளாறு. அம்மாகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்கிட்டயும் வரல."

மதினி குனிந்தே இருந்தார். பிறகு துண்டின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் பிடிங்க. ஒத்தையாத் தூக்க முடியல."

வேப்பமர நிழலுக்கு இருவரும் அதை மெல்ல நடத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் சேர்ந்து நடந்து அதற்கு முன் நான் பார்த்த நினைவில்லை.

மதினி அருப்புக்கோட்டைக்கு வரவேயில்லை. அண்ணன்தான் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டுத் திருச்சுழிக்குப் போனார். அதன் பிறகு எனக்குப் பிறந்த வீடு அதுதான். இறங்கும்போதே மதினி வந்து பையை வாங்கிக்கொள்வார். அண்ணன் பின்னாலேயே வருவார்.

இப்போது இருவரும் இல்லை. பாலவனத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதில்லை. திருச்சுழி பஸ்ஸைப் பார்த்தால் இன்னும் ஏறி உட்காரலாம் போலிருக்கிறது. இறங்கினால், வா என்று சொல்ல ஆளில்லை.