வீச்சு ஒன்று, விலக்கம் வேறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். குறுக்கு வழி சொல்லித் தருவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. தலைக்கனமும் உண்டு.

மணி வடிவ இயல்நிலைப் பரவலில் ஏறக்குறைய எல்லா எண்களும் சராசரிக்கு இருபுறமும் மூன்று திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடும். அதனால் பெரிய எண்ணில் சின்னதைக் கழித்து, வருகிற வீச்சை ஆறால் வகுத்தால், எண்களின் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் தோராயமாகக் கிடைக்கும். இதை எல்லாக் கணக்குக்கும் பொருந்துகிற மந்திரம் போலச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாதிரித் தேர்விலும் ஒரு கேள்வி வைத்தேன். 40, 50, 50, 50, 60 ஒரு தொகுதி. 40, 40, 50, 60, 60 இன்னொன்று. எதற்குத் திட்ட விலக்கம் அதிகம்? இரண்டுக்கும் வீச்சு இருபதுதானே, அதனால் ‘இரண்டும் சமம்’ என்று விடைக்குறிப்பு எழுதினேன்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பெண் வருவார். நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வயது வரம்பு முடிகிறது, அந்த வருடம்தான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. விடைத்தாளைத் திருத்திக் கொடுத்ததும் எழுந்து, “சார், ரெண்டாவதுக்குத்தான் அதிகம்” என்றார்.

“அது மில்லு கணக்கும்மா. இது பரீட்சை” என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சிறப்பு வகுப்புக்கு முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவர் பெயர் விட்டுப்போனது.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரவு ஷிப்ட் முடித்து, நேரே பஸ் ஏறி வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு. இரண்டு வகை நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதியிருந்தார்.

“வீச்சு ரெண்டுக்கும் ஒன்னுதான் சார். இதுல ரெண்டு கண்டுதான் மோசம், மிச்சமெல்லாம் ஒரே சீரு. அதுல எல்லாமே கூடவும் கொறயவுமா கெடக்கு. அதத் தறியில ஏத்துனா அந்துக்கிட்டே இருக்கும். தெனமும் பாக்குதேன்லா.”

அங்கேயே உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன். என் கேள்வியில் முதல் தொகுதிக்கு ஆறு சொச்சம், இரண்டாவதற்கு ஒன்பதை ஒட்டி வந்தது. வீச்சு ஓரத்து இரண்டு எண்களை மட்டும்தான் பார்க்கிறது. நடுவில் இருப்பவை எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று அதற்குத் தெரியாது. ஐந்து எண்ணை வைத்துக்கொண்டு மணி வடிவத்தை நம்பியது என் மடத்தனம். வெட்கமாகப் போய்விட்டது.

“மன்னிச்சிருங்கம்மா, மார்க்கத் திருத்திருதேன்” என்றேன்.

“மார்க்கு வேணும் சார், வேண்டாம்னு சொல்லல. ஆனா உள்ள இருக்க முப்பது பேரும் பரீட்சையில இதையேல்லா எழுதிட்டு வருவாவ?”

அவருக்குப் போட்டியாக எழுதப்போகிறவர்கள் அந்த முப்பது பேரும்! அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா, தெரியவில்லை. வகுப்புக்கு அழைத்துப்போய், தவறு என்னுடையது என்று சொல்லி, சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் நடத்தியதை இமைக்காமல் கேட்டார்கள். அந்த வருடமே அவர் தேர்வில் ஜெயித்து, இன்று அரசு அலுவலகத்தில் இருக்கிறார்.

என்னை நம்பி எழுதிய முப்பது பேரையும் உள்ளே உட்காரவைத்து, சரியாக எழுதிய ஒருவரை வெளியே நிறுத்தியவன் நான் என்பது, ஒவ்வொரு முறை விடைக்குறிப்பு எழுத உட்காரும்போதும் என் பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது.