பிறந்த ஊர் என்ற கட்டம்

மைசூரில் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு தெருவில் நடந்தால், அநேகமாக எல்லா வீட்டுக்குள்ளும் ஒருவர் கண்ணாடி முன் நின்று தலைப்பாகை கட்டிக்கொண்டிருப்பது தெரியும். எங்கள் கொள்ளேகால் தாலுக்காவில் ஜரிகைத் தலைப்பாகை என்றால் மாப்பிள்ளை தலையில் ஒரு நாள் இருக்கும், அவ்வளவுதான். இங்கே சர்க்கார் ஆபீசில் சம்பளமில்லாமல் உட்காரப் போகிறவனுக்கும் அது வேண்டும். நான் முதன்முதலில் கட்டிக்கொண்டது யுவ வருஷம் சித்திரை இருபத்திரண்டாம் தேதி. அது என்னுடையதல்ல, என் வகுப்புத் தோழன் வரதனுடைய அப்பாவின் பழைய தலைப்பாகை. வரதனே அதை என் தலையில் சுற்றிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

"பேஷ்! கொள்ளேகால் திவான் வந்துட்டார். எல்லாரும் எழுந்து நில்லுங்கோ."

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை என் நாட்குறிப்பில் தேடித்தான் பார்க்க வேண்டும். எப்போதும் "கொள்ளேகால்" தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குப் புலம்பெயர்ந்தவன் என்று நான் சொல்லிக்கொள்வது சிரிப்பாக இருக்கும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்கள் இருக்க, காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடக்கூடிய மைசூருக்கு வந்தவன் பெருமூச்சு விடலாமா என்று கேட்பீர்கள். தூரம் வேறு, அந்நியம் வேறு. கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது, கோயமுத்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மைசூரோ மகாராஜாவின் தனி சமஸ்தானம், சர்க்கார் வேலை முதலில் மைசூராருக்குத்தான். ஆகவே இங்கே நான் வெளிநாட்டான். வரதன் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். அவன் முன்னோர் மேல்கோட்டைப் பக்கம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டதால் அவன் மைசூரான். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்தோம். வேலை என்ற பேச்சு வரும்வரை எங்களுக்கு நடுவே எல்லைக்கோடு இருப்பது எனக்குத் தெரியவில்லை.

வேலைக்கு வழி இங்கே இப்படித்தான். கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறையிலும், பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலும் ஏதாவது ஓர் ஆபீசில் போய் உமேத்வாராக உட்காருவார்கள். உமேத்வார் என்றால் சம்பளமில்லாத குமாஸ்தா. நகல் எழுதுவான், தபாலுக்கு நம்பர் போடுவான். இடம் காலியாகும் அன்று ஹெட் குமாஸ்தாவின் கண்ணில் பட வேண்டும் என்பதே அவன் ஊதியம். பி.ஏ. பரீட்சை முடிந்ததும் வரதனும் நானும் ஒரே ஆபீசில் உட்கார்ந்தோம். முதல் நாள் என் ஊரைக் கேட்டதும் ஹெட் குமாஸ்தா தன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"கொள்ளேகாலா? எலுமிச்சம்பழம் ஏதாவது வைச்சிருக்கியாப்பா? மந்திரம் போட்டு என் நாற்காலியை வாங்கிடாதே."

ஆபீசே சிரித்தது. எங்கள் ஊர் மந்திரத்தின் புகழ் அப்படி. வரதன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். தேதி, நம்பர், பெயர் எதிலும் தவறு வராது. வரதன் எழுதினால் வரி மேலே ஏறும், மை சிந்தும், "ஐயோ, இன்னொரு காகிதம் தாங்கோ" என்று சிரிப்பான். அவர்களும் தருவார்கள். அவன் கன்னடம் நகரத்துக் கன்னடம், என்னுடையது சந்தைக் கன்னடம். அவன் வாய் திறந்தால் பியூன்கூட நாற்காலியை இழுத்துப் போடுவான். ஒரு நாள் இடம் காலியாகுமா என்று கேட்டேன். "நோடோணா" என்றார் ஹெட் குமாஸ்தா. பார்க்கலாம் என்றுதானே அர்த்தம்? அதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு அப்பாவுக்குக் கடிதமே போட்டுவிட்டேன். இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை, அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள் என்பதை வரதன் பிறகு சொன்னான். அதையும் அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று அன்று மாலை முழுவதும் எரிந்தேன். அவனுடைய சைக்கிள் மேல், வெளுத்த அங்கவஸ்திரத்தின் மேல், பயமே இல்லாத அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு ஆத்திரம். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பது அந்த ஆத்திரத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

வைகாசி பதினெட்டாம் தேதி ஓர் இடம் காலியாயிற்று. உமேத்வார்கள் நால்வரும் விண்ணப்பம் கொடுத்தோம். நால்வரின் விவரங்களையும் ஜாப்தா என்ற ஒரே பட்டியலாகக் கட்டம் கட்டி எழுதும் வேலை, கையெழுத்துக்காக, என்னிடமே வந்தது. வரதன் விண்ணப்பத்தில் "பிறந்த ஊர்: மைசூர்" என்று இருந்தது.

அது பொய் என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் கிருஷ்ண ஜயந்திக்கு அவன் வீட்டில் சாப்பிட்டபோது அவன் அம்மா, சீடைத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, தலைப் பிரசவத்துக்குத் திருச்சினாப்பள்ளியில் தன் அப்பா வீட்டுக்குப் போனதையும், வரதன் பிறந்த அன்று மழையில் மருத்துவச்சி வர முடியாமல் தவித்ததையும் சொன்னார். அறைக்குத் திரும்பி அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். நான் பிறந்தது எங்கே தெரியுமா? என் அம்மாவும் தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள்தான். அவள் தாய்வீடு சாமராஜநகர். மைசூர் மகாராஜாவின் பூமி. மைசூரான் சென்னை மாகாணத்தில் பிறந்திருக்கிறான், வெளிநாட்டான் மைசூரில் பிறந்திருக்கிறான். அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன்.

எழுந்து போய் ஹெட் குமாஸ்தாவிடம் சொன்னேன். "இதில ஒரு சின்னப் பிழை இருக்குதுங்க. வரதராஜன் பிறந்தது திருச்சினாப்பள்ளிங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "உனக்கெப்படித் தெரியும்?"

"அவங்கம்மா சொன்னாங்க. என்கிட்ட தேதியோட குறிப்பு இருக்குதுங்க."

"நீ எங்கே பிறந்தே?"

இந்தக் கேள்விக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன். "சாமராஜநகருங்க."

"அப்பா எங்கே இருக்கார்?"

"கொள்ளேகாலுங்க. பூர்வீகமா அங்கதானுங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஏனப்பா, பொம்பளைங்க எல்லாரும் பிள்ளை பெறத் தாய்வீடு போறவங்கதானே? பிறந்த ஊரைப் பார்த்தா இந்த ஆபீசில பாதிப் பேரு பரதேசி. நான்கூட சென்னை மாகாணத்துப் பெல்லாரியில பிறந்தவன். அப்பன் எங்கே குடியிருக்கான், அதுதான் இங்கே கணக்கு." பிறகு அறை முழுதும் கேட்கும்படி, "ஓய் வரதா! உன் சிநேகிதன் பிடிச்சிட்டான் பாரு. வந்து சரியா எழுது" என்றார்.

வரதன் வந்தான். மைசூரை அடித்துத் திருச்சினாப்பள்ளி என்று எழுதினான். அதிலும் மை சிந்தியது. அந்த ஜாப்தாவை நான்தான் எழுதி முடித்தேன், அவன் பெயருக்கு நேரே திருச்சினாப்பள்ளி, என் பெயருக்கு நேரே சாமராஜநகர். ஐந்தாம் நாள் வேலை அவனுக்குக் கிடைத்தது.

அன்று மாலை அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நீ பிடிச்சது நல்லதாப் போச்சுடா, கொள்ளேகால். வேலைக்குச் சேர்ந்தப்புறம் யாராவது கிளப்பியிருந்தா என் மானம் போயிருக்கும். சும்னே மைசூர்னு எழுதிட்டேன், யோசிக்கவே இல்லை. ஆத்துக்கு வா, அம்மா கூப்பிட்டா."

வீட்டில் அவன் அம்மா எனக்கு இலை போட்டார். "இவன் அவசரக் குடுக்கை. உன்னை மாதிரி பக்கத்துல ஒருத்தன் இருந்தா போதும்" என்றார். அவன் அப்பா மேஜை முன் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த பட்டு வியாபாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். சிநேகிதன் விஷயத்திலும் உண்மையை விட்டுக்கொடுக்காத பையன், நம்பிக் கணக்கு ஒப்படைக்கலாம் என்று இருந்தது அதில். உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தார், நான் படிக்கவேண்டும் என்றே.

நான் படித்தேன். அது அப்படியில்லை என்று சொல்ல இரண்டு மூன்று முறை வாய் திறந்தேன். சாப்பிட்ட கை காய்ந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை. மறுநாள் அந்தக் கடிதத்தோடு போனேன், அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தேன். மூன்றரை வருஷமாக மைசூரில் நான் உண்பது, குடியிருப்பது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் என் பொறாமைக்கு அவர்கள் இட்ட நல்ல பெயரின்மேல் நிற்கின்றன. என் பொறாமையைக்கூடப் பொறாமை என்று கண்டுகொள்ளத் தெரியாத அளவுக்கு நல்ல மனம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் அவன்மேல் பொறாமைதான். இங்கே வேலை தேடி வரும் நம் ஊர்த் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பக்கத்து நாற்காலிக்காரனை அளந்து பார்ப்பதில் உங்கள் நாட்களைச் செலவழிக்காதீர்கள். நான் செலவழித்த நாட்களுக்கெல்லாம் என்னிடம் தேதி இருக்கிறது.

இன்று, வெகுதானிய வருஷம் தை மாதம் பன்னிரண்டாம் தேதி, காலையில் என் மனைவியைச் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏற்றினேன். தலைப் பிரசவம், அவள் அம்மா நேரில் வந்து அழைத்துப் போகிறார். முன் சீட்டுக் கேட்டேன். டிரைவர் "நோடோணா" என்றான். வழியனுப்ப வந்த வரதன் அவனிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான், முன் சீட்டுக் கிடைத்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

"பிள்ளை பொறந்ததும் தந்தி அடிக்கச் சொல்லுடா" என்று சொல்லிவிட்டு அவன் ஆபீசுக்குப் போனான்.

இதை எழுதும் இந்நேரம் பஸ் சாமராஜநகரைத் தாண்டித் திம்பம் மலையில் இறங்கிக்கொண்டிருக்கும். மைசூர் எங்கே முடிந்தது என்று அவள் கவனித்திருக்க மாட்டாள், வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிற்றின்மேல் ஒரு கையை வைத்திருப்பாள். அந்தக் கைக்கு அடியில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.