இரண்டாவது வளையத்தில் நீலச் சட்டை

செம்பரம்பாக்கம் தாண்டி, ஓடையை ஒட்டி ஒரு சாய்ந்த பாறை. மூன்று ஆள் உயரம்தான். பிடிக்க விளிம்பே கிடையாது. ஷூவின் ரப்பரை நம்பித்தான் நிற்க வேண்டும். ஏறுகிறவர்கள் கயிறு மாட்ட இரும்பு வளையங்கள் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது வளையத்திலிருந்து கருவேல மரத்துக்குக் கொடி கட்டி, ஒரு பெண் நீலச் சட்டையைக் காயப் போட்டிருக்கிறாள்.

"கொடிய அவுத்துடட்டுமா?" என்கிறேன், பாதிப் பாறையில் நின்றபடி.

"ஐய, கை வெச்சிடாத அண்ணாத்தே! ரெண்டு மணி ஷிப்டுக்கு எங்க ஊட்டுக்காரருக்கு அது ஒண்ணுதான் கீது."

அந்த வளையத்தில் கயிறு மாட்டாமலே மேலே நகர்கிறேன். வலது கால் வழுக்குகிறது. கை தானாகச் சட்டையைப் பற்றுகிறது. கொடி தாங்கிவிடுகிறது, நான் விழவில்லை.

ஈரச் சட்டையின் நெஞ்சில், கை வேர்வைக்கு நான் பூசியிருந்த வெள்ளைப் பொடியில் என் ஐந்து விரல்கள்.

அவள் அண்ணாந்து வெயிலைப் பார்க்கிறாள். வெறுங்காலோடு ஏறி வந்து, சட்டையை உருவிக்கொண்டு மறுபடி ஓடைக்கு இறங்குகிறாள்.