அப்பா பூட்டி வைத்த மழைத் தண்ணீர்

எங்கள் அப்பா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து, தாகத்துக்குச் செம்பை எடுத்துக்கொண்டு மழைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், "அங்கிட்டே நில்லுங்க" என்று அவரிடம் பேச்சு வாங்காதவர்கள் குறைவு. பெற்ற மகளாகிய நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே அந்தத் தொட்டியை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத முடியாது.

அப்பா எழுமலையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாரையும் தங்கையையும் காப்பாற்ற மதுரைக்கு வந்தார். செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினார். நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு கோடையில் குழாய்த் தண்ணீரோடு சாக்கடை கலந்துவிட்டது. அண்ணனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பிழைத்ததே பெரிய பாடு. அதற்குப் பிறகு அப்பா எந்தத் தண்ணீரையும் நம்பியதில்லை.

வேலையை விட்டதும் எழுமலைக்கு வெளியே சொந்த நிலத்தில் ஒரு சிறிய வீடு கட்டி, அம்மாவுடன் குடியேறினார். கரண்டுக் கம்பி அங்கே போகவில்லை. விளக்குக்குச் சோலார் தகடு வைத்தார். போர் போட்டதில் வந்தது உப்புத் தண்ணீர். மிச்சம் இருந்தது மழை ஒன்றுதான்.

"மழையையாவது நம்புறீகளாப்பா?" என்று கேட்டேன்.

"மழை யோக்கியம்தேன். அது விழுகுற மாடிதேன் யோக்கியமில்ல" என்றார்.

மாடியில் மயில் வந்து உட்கார்ந்து எச்சம் போடும். அப்பாவுக்கு ஊரில் ஜென்ம எதிரி என்று யாராவது இருந்தால் அது அந்த மயில்தான். முதல் மழை எம்புட்டுப் பெய்தாலும் ஒரு சொட்டு தொட்டிக்குள் போகக்கூடாது. குழாயின் பக்கவாட்டு மூடியைத் திறந்துவிட்டு, மாடி கழுவிய தண்ணீர் முழுக்க வெளியே ஓடுவதைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். அடுத்த மழைகளிலும் தண்ணீர் தெளிந்த பிறகே மூடியை அடைப்பார். அதன்பின் கூழாங்கல், கரி, ஆற்று மணல் நிரப்பிய டிரம்மில் இறங்கித்தான் தொட்டிக்குப் போக வேண்டும். குழாய் வாயிலெல்லாம் கொசு வலை. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று இரும்பு மூடி போட்டுப் பூட்டுவார். கைப்பம்பில் அடித்துத்தான் எடுக்கலாம், பாத்திரம் விட்டு மொள்ளக்கூடாது. எடுத்ததையும் அம்மா கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுப்பார். ஒரு முறை அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அப்பா அந்த ஆய்வுக்கூடத்தைச் சந்தேகப்பட்டு, அதே தண்ணீரை வேறு ஆள் பெயரில் இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்.

சென்ற தை மாதம் ஒரு காலையில் அப்பா வாந்தி எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் அந்த வாந்தியை மட்டும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணிதேன்" என்று காதைக் கடித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இந்த மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

கருமாதியன்று பம்பை அடித்தபோது தண்ணீர் நாறியது. அதுவரை ஒரு நாளும் நாறாத தண்ணீர். அம்மா அந்த வீட்டிலேயே இருப்பேன் என்று சொல்லியிருந்தார். மதுரை கோச்சடையில் இருக்கும் அண்ணன் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாவிட்டால் அம்மா அங்கே ஒரு வாரம் இருக்க முடியாது. தொட்டிச் சாவியோ அண்ணனிடம் இருந்தது. எனக்கு வேறு யார் மேல் சந்தேகம் வரும்? பந்தி நடக்கும்போதே போய்க் கேட்டுவிட்டேன்.

"தொட்டிய யாருண்ணே திறந்தது?"

பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தேன் திறந்தேன். பால் தெளிச்ச அன்னைக்கு மஞ்சளும் கோமியமும் கரைச்சு ஊத்துனேன். வீடு பூராம் தீட்டுக் கழிச்சோம், எங்கண்ணன் தண்ணி மட்டும் தீட்டோட கிடக்கலாமா?"

அத்தைக்கு அதில் எந்தக் குற்றமும் தெரியவில்லை. ஒரு கொசுவை உள்ளே விடாத தொட்டியில், பாசத்தோடு ஒரு வாளி கோமியம். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"சாவி யாரு குடுத்தா?" என்றேன்.

"நாந்தேன்" என்றார் அண்ணன்.

"எதுக்குக் கேக்குறாகன்னு தெரியுமா?"

"தெரியும்."

அம்மா அப்போதுதான் வந்து நின்றார். அண்ணன் அவரைப் பார்த்துச் சொன்னார். "கெட்டாக் கெடட்டும்னுதேன் குடுத்தேன். அப்பாவக் கொண்டுபோன தண்ணிய நீங்களும் குடிக்கணுமாம்மா?"

அம்மா உள்ளே போனார். மறுநாள் அண்ணனோடு கோச்சடைக்குக் காரில் ஏறும்போது, "ஐப்பசி மழைக்கு வந்துருவேன். தொட்டியக் கழுவி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியை வடித்தோம். அண்ணன் தானே உள்ளே இறங்கித் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தார். மனம் மாறி இறங்கினாரா, எங்காவது ஒரு விரிசல் கிடைத்தால் அம்மாவிடம் காட்டலாம் என்று இறங்கினாரா என்று சந்தேகப்பட்டு, மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விரிசல் இல்லை.

ஐப்பசியில் அம்மா வந்தார். முதல் மழையை வெளியே ஓடவிட்டார். அடுத்தடுத்த மழைகளில் தொட்டி நிறைந்தது. நானும் அண்ணனும் போயிருந்தபோது அம்மா பம்பில் அடித்து, கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு டம்ளரை அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் அதை எடுக்கவில்லை. அவருடைய கார் நிறையத் தண்ணீர் கேன் இருந்தது.

"குடிய்யா" என்றார் அம்மா. "ஒனக்கு மஞ்சக்காமால வந்தப்ப உங்கப்பா பயந்த பயத்துலதேன் இம்புட்டும் செஞ்சாரு. ஒனக்காகத் தேடுன தண்ணி இது. இது அவரக் கொல்லல."

அண்ணன் டம்ளரைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு குடித்தார். குடித்து முடித்து, அப்பா இறந்தபோதுகூட அழாதவர் அழுதார்.

அப்பாவின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், சமையல் பார்த்த ஊர்க்காரர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் எடுத்து வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும், அத்தை அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். வருஷத் திதிக்கு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் என் அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். அன்று பம்பு அடித்துத் தண்ணீர் கொடுக்கப்போவது அவர்தான்.