கூடை வைத்த ரேஸ் சைக்கிள்

போன வாரம் என் சைக்கிள் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணனிடம் காலையில் விட்டிருந்தேன். பின் பிரேக்கை நான்தான் மாட்டியிருந்தேன். நான் மாட்டியது என்பதாலேயே அதன் மேல் நம்பிக்கை இல்லை. 'ஒரு தடவை பார்த்துக் கொடுங்கண்ணே' என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

சாயங்காலம் போனால், கடை வாசலில் ஏதோ ஒரு வண்டி நிற்கிறது. முன்னால் கம்பிக் கூடை. பின்னால் கேரியர். பக்கத்தில் ஸ்டாண்டு. நடுவில் ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பாரை மட்டும் எங்கேயோ பார்த்த ஞாபகம்.

"அண்ணே, இது யாரு வண்டி?"

"உன்துதாம்மா. இன்னா, பாக்க நல்லா இருக்குதா?"

"நான் பிரேக்குதானே பாக்கச் சொன்னேன்?"

"உங்க வூட்டுக்காரரு போன் பண்ணாரும்மா. கூடையும் கேரியரும் போட்டுடுன்னாரு. ஸ்டாண்டு நானாப் போட்டது. எத்தினி நாளைக்கி செவுத்துல சாய்ச்சிக்கினு இருப்ப? நாளைக்கி பாப்பாவ எதுல உக்கார வெச்சி இட்டுனு போவ?"

குனிந்து பார்த்தேன். கேரியரை இறுக்கிய கிளாம்ப், பெயிண்டை இரண்டு இடத்தில் வழித்து எடுத்திருந்தது. நான் அடித்த பெயிண்ட். கருநீலம்.

"பெயிண்ட் தானம்மா... டச்சப் பண்ணிக்கலாம்."

எனக்கு வாயில் வந்ததை நான் சொல்லவில்லை. சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஓட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை.

இந்தக் கோபம் புரிய வேண்டுமென்றால் சைக்கிளின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். புதுச்சேரியில் வேலை பார்த்தபோது வாங்கிய ரேஸ் சைக்கிள் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரச் சாலையில் ஓட்டுவேன். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது கட்டில், பீரோவோடு அதுவும் வேனில் ஏறி வந்தது. அப்புறம் பாப்பா வந்தாள். சைக்கிள் மாடி அறைக்குப் போயிற்று. நான்கு வருஷம் அதன் ஹேண்டில்பாரில் காய்ந்தது பாப்பாவின் ஜட்டிகள்தான்.

இந்த வருஷம் ஒருநாள் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். செயின் துருப்பிடித்து ஒரே கம்பியாகிவிட்டிருந்தது. டயர் வெடித்து வரி வரியாக... பிரேக் ஒயரை எலி கடித்திருந்தது. என்னமோ தெரியவில்லை, அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

பாப்பா மத்தியானம் தூங்கும் நேரத்தில் பிரித்தேன். வீடியோ பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். செயினைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டயர் இங்கே கிடைக்கவில்லை, ஆன்லைனில் வரவழைத்தேன். ஒரு பேரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். சப்பாத்தி மாவு பிசையும்போது நகத்தில் கிரீஸ். என் மாமியார் என் கையைப் பார்ப்பார், மாவைப் பார்ப்பார், "எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்பார்.

முதல் நாள் காலை ஓட்டினேன். கோட்டையைத் தாண்டியதும் சாலை லேசாக இறங்குகிறது. பெடலை மிதிக்கவே வேண்டாம். செயின் சத்தம் கூட இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய வைத்திருந்த ஓரத்தை ஒதுக்கி ஓட்டியபோதுதான் கவனித்தேன்... நான் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரையும் பார்த்து அல்ல. கோட்டை பார்க்க வந்த கார்க்காரர் ஒருவர் என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் வழி கேட்டார். 'நேரா போயி லெஃப்ட்டு' என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

அதற்காக நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா, பாப்பா எழுந்துவிட்டாளா, எழுந்து என்னைத் தேடி மாடிப்படி ஏறிவிட்டாளா... ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கவலை. மேல்சித்தாமூர் சாலையில் ஒரு ஏரிக்கரை வரும். அதைத் தாண்டினால் செல்போனில் சிக்னல் இருக்காது. தினமும் அந்த ஏரிக்கரையோடு திரும்பிவிடுவேன். கால் இன்னும் போகலாம் என்னும். போன் வேண்டாம் என்னும்.

இதில் வீட்டில் வேறு ஒன்று ஆரம்பித்தது. கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்கக் கூடாது என்பது என் மாமியாரின் சட்டம். அதனால் தினமும் "தூரமா?" என்பார்.

"இல்ல அத்த. சும்மாதான்."

"சும்மாதான் போறியா? அப்ப வரும்போது ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கியாந்துடு."

மறுநாள் பால். அதற்கடுத்த நாள் அரைக்கிலோ வெங்காயம். வெங்காயத்தை முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ரேஸ் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? மேட்டில் ஒவ்வொரு வெங்காயமும் தனித்தனியாகப் பேசும். கொத்தமல்லிக்காகத் தினமும் பாதியிலேயே திரும்பி, மார்க்கெட்டில் இறங்கி, கூட்டத்தில் வண்டியைத் தள்ளி... எனக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டியது பாதி, வாங்கியது பாதி.

'சும்மா' என்றால் ஏன் யாருக்கும் பொறுப்பதில்லை? பிள்ளை பெற்றவள் வாசலைத் தாண்டினால், திரும்பும்போது கையில் ஏதாவது இருந்தே ஆக வேண்டுமா?

அன்றைக்கு அந்தக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முழுக் கோபமும் மாமியார் மேல்தான். போன் செய்தது என் கணவர் என்றாலும், சொல்லிக் கொடுத்தது மாமியாராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துவிட்டது.

"அத்த, கூடை நீங்க போடச் சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?" கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எப்பவும் போல அவனத்தான் வாங்கியாரச் சொன்னேன். அவன்தான், 'அது தான் தெனம் சைக்கிள்ல போவுதே, அதுங்கிட்ட சொல்லும்மா'ன்னான். எனக்குக் கொத்தமல்லி வந்தா சரி. யாரு கொண்ணாந்தா இன்னா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் நல்லவர். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்று வீட்டில் பேச்சு இருக்காது. தினமும் காலையில் பைக்கில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், நண்பர்களோடு நின்று டீ குடித்துவிட்டு வருவார். ஒரு டீக்கு ஒரு மணி நேரம். வரும்போது பாலும் கொத்தமல்லியும் அவர் வாங்கி வருவதுதான் வழக்கம். யோசித்துப் பார்த்தேன் – நான் சைக்கிளை எடுத்த நாளிலிருந்து அவர் வெறும் கையோடு வருகிறார். நான் சைக்கிள் எடுத்ததில் இந்த வீட்டில் ஒருவருக்கு விடுதலை கிடைத்தது உண்மை. அது நானில்லை.

அவர் வந்ததும் கேட்டேன்.

"உனக்கு ஈஸியா இருக்கும்னுதான் போடச் சொன்னேன் கவி. முதுகுல தூக்கினு வரியேன்னு."

"அந்த வெங்காயத்த நீங்க வாங்கியிருந்தா இன்னும் ஈஸியா இருந்திருக்கும்ங்க."

"நான் டீ குடிக்கத்தானே போறேன். அதுல எங்க..."

"நான் சைக்கிள் ஓட்டத்தானே போறேன்."

பாப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நைனா, அம்மா திட்டுதா?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். கூடையைக் கழற்றினேன். கேரியரைக் கழற்றினேன். ஸ்டாண்டையும். கூடையைக் கொண்டுபோய் அவர் பைக்கின் பக்கக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். அவர் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் பேச வேண்டி வருமே.

படுத்த பிறகு வழக்கம்போல் ஆரம்பித்தது. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு இத்தனை கோபமா? அவர் உண்மையிலேயே என் முதுகை நினைத்துத்தான் செய்திருப்பாரோ? நான் சுயநலக்காரியோ? கூடையை அப்படியே விட்டிருக்கலாமோ?

ஆனால் ஒன்று கேட்கிறேன். டீக்கடைக்குப் போகும் ஆணிடம் 'சும்மாதானே போறே' என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவருடைய டீ ஒரு காரியம். என்னுடைய காற்று மட்டும் காலி நேரமா?

மறுநாள் காலை சைக்கிளை எடுத்தேன். மாமியார் மஞ்சப்பையோடு நின்றிருந்தார்.

"தூரமா?"

"ஆமா அத்த," என்றேன். "இன்னைக்கி தூரம்தான்."

பையை மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏரிக்கரை வந்தது. கால் தானாக நின்றது. பாப்பாவோடு அவளுடைய அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார், நான் மட்டும்தான் பெற்றவளா என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கரையில் மேய்ந்த எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது. மிதித்தேன். மேல்சித்தாமூர் மடத்துக் கோபுரம் தெரிகிறவரை மிதித்தேன். போனை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

திரும்பி வரும்போது, அதே ஏரிக்கரை மேட்டில், பாக்கெட்டில் போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. ஒன்றல்ல. வரிசையாக. பாப்பா. மாடிப்படி. விழுந்துவிட்டாள். நான் இல்லாத நேரத்தில்...

ஒரு காலை ஊன்றி நின்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் கணவர்.

'எங்க இருக்க?'

'போன் ஏன் போகல?'

'கவி, அர்ஜென்ட்.'

'மார்க்கெட்ல கொத்தமல்லி தீந்துடுச்சாம். புதினா வாங்கட்டுமா?'

போனைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டேன். மேடு பாக்கி இருந்தது.